ஈரம் உண்டு, தண்ணீர் இல்லை!



பள்ளிக்கூட வாசலில் பாட்டிமார்கள் விற்கும் இலந்தை வடையை உங்களில் பலர் தின்றிருப்பீர்கள். புளிப்பு, இனிப்பு, உறைப்பு, உப்பு ஆகிய நான்கும் ஒரே கடியில் நாக்கில் ஏறும். அதைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்.

மரத்தடியில் உதிர்ந்த இலந்தைப் பழம் சில நாட்களில் அழுகிப் போகிறது. அதே பழத்தை இடித்து, தட்டி, வெயிலில் காயவைத்தால் பல மாதங்கள் கெடாமல் இருக்கிறது. ஏன்?

“காய்ந்துவிட்டது, அதனால் கெடவில்லை” என்று உடனே சொல்வீர்கள். நல்ல விடைதான். ஆனால் முழு விடை ஆகாது. வடையைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே மெத்தென்று இருக்கும். ஈரம் முழுவதும் போய்விடவில்லை. இன்னொரு பொருளையும் பாருங்கள். கடையில் வாங்கும் ஜாமில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் தண்ணீர் இருக்கிறது. நெல்லில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் மூட்டையிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். 20 சதவீத ஈரத்தில் நெல் கெடுகிறது. 35 சதவீத ஈரத்தில் ஜாம் கெடவில்லை. இது எப்படி?

இந்தப் புதிருக்கு விடை இயற்பியலில் இருக்கிறது. அதைக் காண்பதற்கு முன் ஒரு சிறு கதை.

தகர டப்பாவும் நானும்

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை பெய்தால் வெள்ளாமை உண்டு, பொய்த்தால் இல்லை. ஆனால் மழை குறைந்த ஆண்டிலும் இலந்தை மரம் ஏமாற்றாது. அதன் வேர் ஆழமாக இறங்கி நீர் தேடும். மார்கழி, தை மாதங்களில் வேலியோரமெல்லாம் பழம் சிவந்து கிடக்கும்.

என் அப்பத்தா அந்தப் பழங்களைப் பொறுக்கி வந்து, ஓரிரு நாள் வெயிலில் வாடவைத்து, காய்ந்த மிளகாய், உப்பு, வெல்லம், கொஞ்சம் புளி, பெருங்காயம் சேர்த்து உரலில் இடிப்பார். கொட்டையும் சேர்ந்து நொறுங்கும். பிறகு சிறு சிறு வடைகளாகத் தட்டி, ஓலைப்பாயில் பரப்பி, திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைப்பார். காய்ந்ததை மண்பானையில் அடுக்கி, வாயைத் துணியால் கட்டிவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விற்பார்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டு, அந்த வருமானத்தில் அடுத்த ஆண்டுக்கான என் நோட்டுப் புத்தகங்களை வாங்குவதாக ஏற்பாடு. ஒரு நாள் அப்பத்தா வெளியூர் போயிருந்தார். “சாயங்காலம் வடையை எடுத்து வையிய்யா. வெயில் சூடு ஆறினப்புறம் எடு” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காய்ந்த கண்மாயில் நண்பர்கள் கிரிக்கெட் ஆடக் காத்திருந்தார்கள். எனக்குப் பொறுமை இல்லை. சூடாக இருந்த வடைகளை அப்படியே அள்ளி, பெரிய தகர டப்பா ஒன்றில் போட்டு, மூடியை அழுத்தி மூடிவிட்டு ஓடினேன்.

மூன்று வாரம் கழித்து டப்பாவைத் திறந்தபோது மேல் வரிசை முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். நான் ஒரு வடையை எடுத்து, மேலே சுரண்டிவிட்டு வாயில் வைக்கப் போனேன். அப்பத்தா என் கையைத் தட்டிவிட்டார். “ஆறவச்சு எடுத்தியாய்யா?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடி வரிசையில் இருந்தவை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. அவற்றையும் விற்காமல் மொத்தமாகக் குப்பைக்குழியில் கொட்டினார். அந்த ஆண்டு நோட்டுகளுக்குக் கடன்தான் வாங்க வேண்டியிருந்தது.

சூடாக மூடினால் ஏன் கெடவேண்டும்? அடி வரிசையை ஏன் கொட்ட வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளும் பல ஆண்டுகள் என்னோடு இருந்தன.

இத்தாலியில் ஒரு புளிப்புப் பழம்

நம் ஊருக்கு இலந்தை எப்படியோ, வட இத்தாலியில் மொடேனா வட்டாரத்துக்குப் புளிப்புச் செர்ரி அப்படி. குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும் மரம் அது. அதன் பழம் அப்படியே தின்ன முடியாத அளவு புளிக்கும். அங்குள்ள வீடுகளில் அந்தப் பழத்தைச் சர்க்கரையுடன் திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் காய்ச்சி, கருஞ்சிவப்பான, கெட்டியான ஜாம் செய்வார்கள். அதற்கு ‘அமரேனே புருஸ்கே தி மொடேனா’ என்று பெயர். அடைமாவில் பரப்பிச் சுடும் பலகாரங்களுக்கு இந்த ஜாம்தான் பூரணம். நம் நாட்டில் புவிசார் குறியீடு வழங்குவது போல, ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஜாமின் பெயருக்கு 2009-ஆம் ஆண்டில் பாதுகாப்பு வழங்கியது.

அங்கே அடுப்பு, இங்கே வெயில். அங்கே வெள்ளைச் சர்க்கரை, இங்கே வெல்லமும் உப்பும். ஆனால் இரண்டு இடத்திலும் செய்வது ஒன்றே. புளிப்புப் பழத்திலிருந்து ஒரு பகுதி நீரை வெளியேற்றுகிறார்கள். மீதி நீரை நுண்ணுயிர்கள் தொட முடியாதபடி கட்டிப்போடுகிறார்கள். முதல் வேலை எளிதில் புரியும். இரண்டாவது வேலைதான் நம் பாடம்.

பத்துப் பேருக்கு ஒரு காவலாளி

ஜாமில் 100 கிராமுக்கு 65 கிராம் சர்க்கரையும் 35 கிராம் நீரும் இருப்பதாகக் கொள்வோம். (நம் நாட்டு உணவு விதிகளின்படியும் ஜாமில் கரைந்துள்ள திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக்கூடாது.) சர்க்கரையின் மூலக்கூறு எடை 342. நீரின் மூலக்கூறு எடை 18. எனவே,

சர்க்கரை: 65 ÷ 342 = 0.19 மோல்
நீர்: 35 ÷ 18 = 1.94 மோல்

அதாவது, ஒரு சர்க்கரை மூலக்கூறுக்குச் சுமார் பத்து நீர் மூலக்கூறுகளே உள்ளன. ஒரு சர்க்கரை மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த எட்டுக் கைகள் இருக்கின்றன. இவை அருகில் உள்ள நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. பத்துப் பேருக்கு ஒரு காவலாளி, அவனுக்கு எட்டுக் கைகள் என்றால், தப்பித்துப் போகக்கூடிய நீர் எவ்வளவு இருக்கும்?

இதற்கு வெப்பமானியே சாட்சி. கரைசலின் கொதிநிலை நீரின் கொதிநிலையைவிட உயர்ந்திருக்கும் என்று படித்திருப்பீர்கள். ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மோல் பொருள் கரைந்திருந்தால் கொதிநிலை சுமார் 0.52 செ. உயரும். நம் ஜாமில் ஒரு கிலோகிராம் நீருக்கு 5.4 மோல் சர்க்கரை. எனவே கணக்குப்படி கொதிநிலை 2.8 செ. உயர்ந்து, 102.8 செ. ஆக வேண்டும். ஆனால் கொதிக்கும் பாகில் வெப்பமானியை வைத்தால் ஏறத்தாழ 104 செ. காட்டும். சூத்திரத்தில் பிழை இல்லை. நீர்த்த கரைசலில் அது சரியாகவே பொருந்தும். செறிந்த கரைசலில் சர்க்கரை நீரின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதால், 35 கிராம் நீரும் 35 கிராம் போல நடந்துகொள்வதில்லை. ஜாம் காய்ச்சுகிறவர்கள் வெப்பமானி 104, 105 செ. காட்டியதும் இறக்கிவிடுவதன் காரணம் இதுதான். அந்த வெப்பநிலையே உள்ளே உள்ள சர்க்கரையின் செறிவை அறிவிக்கிறது.

நுண்ணுயிரின் தாகம்

இப்போது ஒரு பாக்டீரியா ஜாமில் விழுவதாக வைத்துக்கொள்வோம். அதன் உடல் ஒரே ஒரு செல். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு நீரை விடும், சர்க்கரையை எளிதில் விடாது. செல்லுக்குள் நீர் நிறைய இருக்கிறது, வெளியே தாராளமாகத் திரியும் நீர் குறைவாக இருக்கிறது. நீர் எந்தப் பக்கம் பாயும்? உள்ளிருந்து வெளியே பாயும். இதுதான் சவ்வூடு பரவல். ஊறுகாயில் மாங்காய்த் துண்டு சுருங்குவதும் இதனால்தான்.

இந்த இழுப்பு எவ்வளவு வலியது தெரியுமா? 65 சதவீதச் சர்க்கரைப் பாகின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தம். இரண்டு கிலோமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் தரும் அழுத்தம் அது! இந்த அழுத்தத்தின் விதிகளைக் கண்டறிந்தவர்களில் முதன்மையானவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வான்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-ல் இவருக்கே வழங்கப்பட்டது.

எங்கள் பக்கத்தில் சில கிணறுகளில் உவர்நீர் ஊறும். கிணறு நிறையத் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை. அந்த நீரைப் பாய்ச்சினால் நிலம் ஈரமாக இருக்கும்போதே பயிர் வாடும். ஜாமில் விழுந்த பாக்டீரியாவின் நிலையும் அதுதான். அங்கே ஈரம் உண்டு, தண்ணீர் இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். இப்படித் தவிக்கும் நுண்ணுயிர்கள் எல்லாமே செத்துப் போவதில்லை. பல, வித்துகளாக முடங்கிக் கிடந்து நல்ல காலத்துக்குக் காத்திருக்கும்.

0 முதல் 1 வரை

ஒரு பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு நீர் தாராளமாக இருக்கிறது என்பதே முக்கியம் என்று கண்டோம். இதை அளக்க ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவு உண்டு. தூய நீருக்கு அது 1. நீரே இல்லாத பொருளுக்கு 0. நுண்ணுயிரின் வளர்ச்சி மொத்த நீரைவிட இந்த அளவையே பொறுத்தது என்பதை 1953-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டபிள்யூ. ஜே. ஸ்காட் தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார்.

பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர 0.91 வேண்டும். பெரும்பாலான ஈஸ்ட்டுகளுக்கு 0.88 வேண்டும். பெரும்பாலான பூஞ்சணங்களுக்கு 0.80 போதும். சில வகைப் பூஞ்சணங்கள் அதற்குக் கீழும் மெல்ல வளரும். 0.60-க்குக் கீழே எதுவும் வளராது.

நம் 65 சதவீதப் பாகின் அளவு ஏறத்தாழ 0.86. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெரும்பாலும் முடங்கிவிடும். ஆனால் பூஞ்சணத்துக்கு வழி திறந்தே இருக்கிறது. ஆகவேதான் ஜாமைக் கொதிக்கக் கொதிக்கப் புட்டியில் ஊற்றி உடனே மூடுகிறார்கள். அந்தச் சூடு புட்டியில் உள்ள பூஞ்சண வித்துகளைக் கொல்கிறது. 

நெல் ஏன் கெட்டது என்பதும் இப்போது விளங்கும். நெல்லில் உள்ள மாவுப்பொருள் சர்க்கரையைப் போல நீரில் கரைவதில்லை. அது நீரைக் கொஞ்சமே கட்டிப்போடும். எனவே 20 சதவீத ஈரமே அங்கே பூஞ்சணத்துக்குத் தாராளம்.

உப்பும் புளிப்பும்

அப்பத்தா வெல்லத்தோடு உப்பையும் ஏன் சேர்த்தார்? கரைசலில் எத்தனை துகள்கள் உள்ளன என்பதே கணக்கு. துகள் பெரியதா சிறியதா என்பது இரண்டாம் பட்சம். உப்பின் மூலக்கூறு எடை 58.5 மட்டுமே. மேலும் அது நீரில் சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. எனவே எடைக்கு எடை பார்த்தால், உப்பு தரும் துகள்கள் சர்க்கரை தருவதைப் போல (342 ÷ 58.5) × 2, அதாவது சுமார் 12 மடங்கு! ஒரு கைப்பிடி உப்பு பன்னிரண்டு கைப்பிடிச் சர்க்கரையின் வேலையைச் செய்யும். ஆனால் உப்பை மட்டுமே போட்டால் தின்ன முடியாது. வெல்லத்தை மட்டுமே போட்டால் செலவு தாங்காது. இரண்டையும் கலந்ததில் நாக்குக்கும் நன்மை, பாதுகாப்புக்கும் நன்மை.

புளிப்பு இன்னொரு காவல். ‘கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம்’ என்ற பாக்டீரியா காற்றுப் புகாத உணவில் வளர்ந்து உயிரைக் குடிக்கும் நஞ்சை உண்டாக்கும். அதன் வித்து கொதிநீரிலும் சாகாது. ஆனால் உணவின் பி.எச். மதிப்பு 4.6-க்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. புளிப்புச் செர்ரியில் அமிலம் மிகுதி. பி.எச். இதற்குக் கீழேதான் இருக்கும். இலந்தையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். நம் வீடுகளில் புளியும் சேர்த்து இடிப்பது சுவைக்காகத்தான். ஆயினும், அந்தப் புளி காவலுக்கும் வந்து சேர்கிறது.

டப்பாவில் நடந்தது என்ன?

இப்போது என் தகர டப்பாவுக்கு வருவோம்.

வெயிலில் கிடந்த வடைகளின் வெப்பநிலை 45 செ. என்றும், அவற்றின் நீர்ச் செயல்பாடு 0.70 என்றும் வைத்துக்கொள்வோம். 45 செ. வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 65 கிராம் நீராவியைத் தாங்கும். மூடிய டப்பாவில் வடை தன்னைச் சுற்றியுள்ள காற்றை அதில் 70 சதவீதம் வரை நிரப்பும். அது சுமார் 46 கிராம்.

இரவு வந்தது. தகரம் விரைவில் குளிர்ந்து 25 செ. ஆனது. அந்த வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்றால் 23 கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். மிச்சம் எங்கே போகும்? மூடியின் அடியில் பனித்துளியாகப் படியும். படிந்த இடத்தில் காற்று உலரும். உள்ளே சூடு ஆறாத வடைகள் மேலும் நீராவியை விடும். அதுவும் போய் மூடியில் படியும். கடைசியில் சொட்டுச் சொட்டாக மேல் வரிசையில் விழும்.

டப்பாவுக்குள் வெளியிலிருந்து ஒரு துளி நீர்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மொத்த ஈரம் மாறவில்லை, இடம்தான் மாறியது. ஆனால் துளி விழுந்த இடத்தில் சர்க்கரையும் உப்பும் நீர்த்துப் போயின. அங்கே நீர்ச் செயல்பாடு 0.70-லிருந்து 1-ஐ நோக்கி ஏறியது. முடங்கிக் கிடந்த வித்துகள் விழித்துக்கொண்டன. பரவலாக ஆறவைத்திருந்தால் அந்த நீராவி காற்றோடு போயிருக்கும். மண்பானையும் துணியும் அதற்குக் கொஞ்சம் வழி விட்டிருக்கும். தகரம் விடவில்லை.

ஜாமைச் சூடாக மூடலாம், வடையை மூடக்கூடாது என்பது முரண்பாடு போலத் தோன்றும். ஜாமின் சூடு வித்துகளைக் கொல்லப் போதுமானது. வெயிலின் சூடு போதாது. இதுதான் வேறுபாடு. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடக்கூடாது என்று உங்கள் அம்மா சொல்வதும் இதே காரணத்தால்தான். நீர் விழுந்த அந்த ஒரு சிறு இடமே பூஞ்சணத்துக்குப் போதும்.

சுரண்டினால் போதுமா?

போதாது. நம் கண்ணுக்குத் தெரியும் பச்சைப் பொடி, பூஞ்சணத்தின் வித்துக் கூட்டம் மட்டுமே. அதன் மெல்லிய இழைகள் உணவின் உள்ளே ஊடுருவியிருக்கும். சில பூஞ்சணங்கள் நஞ்சை உண்டாக்கும். நிலக்கடலையிலும் மிளகாயிலும் வரும் அஃப்ளாடாக்சின் அத்தகையது. அது கல்லீரலைத் தாக்கும். வழக்கமான சமையல் சூட்டில் அழியாது. நுகர்ந்தோ சுவைத்தோ அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இலந்தை வடையில் மிளகாய் இருக்கிறது அல்லவா?

அடி வரிசை வடைகளையும் அப்பத்தா ஏன் கொட்டினார் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. அவருக்கு நீர்ச் செயல்பாடும் தெரியாது, அஃப்ளாடாக்சினும் தெரியாது. “தெரிஞ்சே ஒரு பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா?” என்று மட்டும் அன்று சொன்னார். நான் சொல்லாத பதிலும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த தை மாதம் வடை எடுத்து வைக்கும் வேலையை மீண்டும் என்னிடமே கொடுத்தார்.

செய்து பாருங்கள்

1. உருளைக்கிழங்கில் ஒரே அளவான இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை வெறும் நீரிலும், மற்றொன்றைக் கெட்டியான சர்க்கரைப் பாகிலும் இடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இரண்டையும் வளைத்துப் பாருங்கள். எது விறைப்பாக இருக்கிறது? எது தொய்ந்துவிட்டது?

2. மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடியில் நீரில் நனைத்த பஞ்சை வையுங்கள். மற்றொன்றின் அடியில் உப்பைச் சிறிது நீர் விட்டுச் சேறு போலக் குழைத்து வையுங்கள். இரண்டிலும் ஒரு சிறு கிண்ணத்தில், ஈரம் படாமல், ஒவ்வோர் இலந்தை வடையை வைத்து மூடுங்கள். பள்ளி ஆய்வகத் தராசில் நாள்தோறும் வடையை நிறுத்துக் குறித்து வாருங்கள். ஈர உப்பு உள்ள புட்டியில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்திலேயே நிற்கும். எந்த வடை எடை கூடுகிறது? எதில் முதலில் பூஞ்சணம் தெரிகிறது? பூஞ்சணம் தெரிந்ததும் புட்டியைத் திறக்காமல் அப்படியே எறிந்துவிடுங்கள். சோதனைக்கு வைத்த வடையைத் தின்னக் கூடாது.

சிந்தியுங்கள்

தேனில் சுமார் 18 சதவீதம் நீர் இருக்கிறது. நன்றாக மூடிவைத்த தேன் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. மூடாமல் மழைக்காலத்தில் வைத்த தேன் சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கத் தொடங்குகிறது. அதற்குள் வந்தது என்ன? எங்கிருந்து வந்தது? மேலே படித்ததைக் கொண்டு விடை எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.